காது கொடுத்த நஜீம் நானா

செய்தி வந்தபோது கலகெதரவில் ஒரு கடை வாசலில் அந்தூரியம் தொட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். நஜீம் நானாவின் மகள் பேசினாள். "வாப்பா சுபஹுக்குப் பொறவு மௌத்தாகிட்டாங்க மாமி" என்றாள். விடியற்காலைத் தொழுகை முடிந்த கையோடு நானா போய்விட்டார். கையிலிருந்த தொட்டியை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. கடைக்காரர்தான் தேடி எடுத்து வைத்தார்.

கட்டுகஸ்தோட்டையில் அவருடைய கராஜுக்கு வண்டி கொண்டுபோன உங்களுக்கு, எல்லோருக்கும் அண்ணன் முறையில் நானாவாக இருந்த அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, உள்ளே இரண்டு ஜாக்கி, நடுவில் ஓயாத வாய். சீனி வியாதிக்காரர். வீட்டில் வெறும் தேநீர் குடித்துவிட்டு வந்து, கராஜில் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு இன்னொன்று குடிப்பார். பார்த்துவிட்டால், "வீட்டுல செல்லிடாதீங்க தங்கச்சி" என்பார். நான் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

ஹுன்னஸ்கிரியவில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பூங்கன்றுத் தோட்டம் உண்டு. கன்றுகளைப் பின்பக்கம் திறந்த கெப் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கடைகளில் கொடுப்பது என் வேலை. லைசன் எடுத்த முதல் மாதம், காலையில் வண்டியை எடுத்தால் பிரேக் கீச்சென்று கத்தும். பதறியடித்துக்கொண்டு நானாவிடம் ஓடினேன். அவர் ஒரு ஸ்பேனரைக்கூடக் கையில் எடுக்கவில்லை. கதிரையில் உட்காரவைத்து, வைத்தியர் மாதிரி விசாரித்தார். காலையில் மட்டுமா, நாள் முழுக்கவா? நேர் ரோட்டிலா, திருப்பத்திலா? காலையில் முதல் இரண்டு மிதிக்கு மட்டும்தான் என்றேன். "அது பனி. ராவைக்கு டிஸ்க் நனையுது, ரெண்டு தரம் மிதிச்சாக் காஞ்சிடும். பனிக்கு நான் மருந்து கட்ட ஏலாது. வீட்டுக்குப் போங்க" என்றார். அவ்வளவு தூரம் வந்ததற்கு இதுதானா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

போன வருடம் ஆயுத பூஜை முடிந்த பிறகு வந்த சத்தம் வேறு. காலை, மாலை, வெயில், மழை என்றில்லாமல் ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி வீறிட்டது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீ பிரேக்க மிதிச்சுக்கிட்டே எறங்குற, அதான்" என்றார் என் வீட்டுக்காரர். கொழுந்தன் இன்னும் ஒரு படி மேலே போனான். "இனி நான் ஓட்டுறேன் அண்ணி. நீங்க கன்னுகள பாத்துக்கங்க." அவன் அன்பாகத்தான் சொன்னான், அதுதான் எனக்குச் சுருக்கென்றது. யாரும் என்னிடம் தேநீர் கேட்காத ஒரே இடம் அந்த ஓட்டுநர் இருக்கை. அதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. நானா என் கால்தான் காரணம் என்று சொன்னால் சாவியைக் கொடுத்துவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டு, மூவருமாகப் போனோம்.

கொஞ்சம் கிரீஸ் தடவினால் சத்தம் நின்றுவிடும் என்று கொழுந்தன் யோசனை சொன்னான். நானா அவனை மேலும் கீழும் பார்த்தார். "சத்தம் நிக்கும். வண்டி நிக்காது" என்றார். பிறகு, "முதல்ல கால மாத்திப் பார்ப்போம்" என்று வீட்டுக்காரரை வண்டியில் ஏறச் சொன்னார். கராஜுக்குப் பின்னால் இருந்த சரிவில் வண்டி மெல்ல இறங்க, நானா முன்சக்கரத்தின் பக்கம் காதைச் சாய்த்தபடி கூடவே நடந்தார். கீச். அடுத்து கொழுந்தன் ஓட்டினான். கீச். பிறகு நான். அதே கீச். "மூணு காலுக்கும் ஒரே பாட்டு. கால்ல பிழை இல்ல" என்றார் நானா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தகட்டைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேட், தேயாமல் நல்ல தடிப்பாகவே இருந்தது. ஆனால் அதன் முகம் கண்ணாடிபோல் மினுங்கியது; டிஸ்க்கின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. நானா விரலால் சுரண்டி மோந்து பார்த்தார். நல்லெண்ணெயில் குழைத்த சந்தனம்! வீட்டுக்காரரின் முகம் செத்துவிட்டது. பூஜையன்று ஸ்டியரிங்குக்கு ஒரு பொட்டு வைத்தவர், உயிரைக் காப்பது பிரேக்தானே என்று சக்கரத்தின் துளைகளுக்குள் கைவிட்டு, இரண்டு பக்கமும் டிஸ்க் நிறையப் பூசியிருக்கிறார்.

தம்பி முன்னால், மனைவி முன்னால் அவரைக் கேலி செய்ய நானாவுக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. ஆனால் அந்த வாய்க்காரர் அன்று சிரிக்கவில்லை. "எது உசிரக் காப்பாத்துதுன்னு சரியா வெளங்கித்தான் பூசீக்கிறீங்க தம்பி. இடம் மட்டும் பிழைச்சுப் போச்சு. டிஸ்க்குல ஒண்டும் படப்படாது" என்றார். எண்ணெய் குடித்த பேட் இனி உதவாது என்று இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டார். டிஸ்க்கைக் கழுவித் துடைத்தார். கொழுந்தனைக் கூப்பிட்டு, டிஸ்க்கைத் தொடாத பேடின் முதுகில் மட்டும் கிரீஸை மெல்லிசாகத் தடவிக் காட்டினார். பிறகு இரண்டு ஆண்களையும் தாண்டி வந்து, சாவியை என் கையில் வைத்தார். "நீங்க ஓட்டுங்க தங்கச்சி. பத்துப் பதினஞ்சு தரம் மெதுவா மிதிச்சுப் புதுப் பேடைப் பழக்குங்க." சத்தமே இல்லாமல் வீடு வந்து சேர்ந்தோம். நடுவழியில் வீட்டுக்காரர், "நான்தான்" என்று ஒரு சொல் சொன்னார். எனக்கு அது போதும். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் மனம் நிறைகிறது.

யாரையும் குற்றம் சொல்வதற்கு முன் கூடவே நடந்து காது கொடுக்கிற பழக்கம், நானாவிடமிருந்து என்னிடம் தங்கிவிட்டது. கோபம் வரும்போது எனக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறேன்: முதலில் காலை மாற்றிப் பார்ப்போம்.

செய்தி வந்த அன்று கலகெதரவிலிருந்து நேரே மையத்து வீட்டுக்கு, நானாவின் சாவு வீட்டுக்கு, வண்டியில் போயிருந்தேன்; பின்னேரம் வீட்டுக்காரரும் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். நானாவின் மனைவியோடு உள்ளே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு நான் வெளியே வந்தபோது, வண்டி ஓட்டும் தெம்பு எனக்கு இல்லை. சாவியை நீட்டி, "நீங்க ஓட்டுங்க" என்றேன்.

அவர் வாங்கவில்லை. "நானா ஒன் கையிலதான குடுத்தாரு" என்றார். வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். நான் வழக்கம்போல், பிரேக்கின் சத்தம் கேட்க என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன். முதல் இறக்கம் வந்தபோது, அவரும் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு, வெளியே காதைச் சாய்த்தார்.