காக்கை இன்னும் சாப்பிடவில்லை

என் மாமியாருக்கு மேல்பட்டாம்பாக்கம். சிதம்பரத்தில் எங்களோடு தங்க வந்த நாளிலிருந்து மாடி ஜன்னல்தான் அவர் இடம். யார் வீட்டுக்கு கேஸ் வந்தது, எந்த வீட்டில் சண்டை, எல்லாம் அவருக்கு விரல்நுனியில். எனக்கோ மானம் போகும். ஒரு வெள்ளிக்கிழமை, கடலூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த எரிச்சலில் கத்திவிட்டேன்.

"அடுத்தவங்க வீட்டையே பாத்துட்டு இருக்கறது அசிங்கம் அத்தை. இனிமே ஜன்னல்கிட்ட போகாதீங்க."

அவர் சனிக்கிழமை முழுக்க அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

ஞாயிறு காலை எனக்கு மனசு கேட்கவில்லை. சமாதானமாக லேப்டாப்பில் ஒரு பழைய ஆங்கிலப் படம் போட்டு, பக்கத்தில் உட்கார வைத்தேன். காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கும் ஒருவன் பொழுதுபோகாமல் ஜன்னல் வழியே அக்கம்பக்கத்து வீடுகளை வேவு பார்க்கிறான். எதைப் போடுகிறோம் என்று யோசிக்காமல் போட்டது என் புத்தி.

அத்தைக்கு ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாது. ஆனால் கதாநாயகனுக்குச் சந்தேகம் வருவதற்கு முன்பே, "அந்த எதிர்வூட்டு ஆளு பொண்டாட்டிய காணும் பாரு. இவன் மட்டும் பெட்டிய தூக்கிட்டு போறான்" என்றார். நான் இரண்டு முறை பார்த்த படம். நான் கவனிக்காததையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அசந்துபோனேன்.

படம் முடிந்ததும் சிரித்தார். "இவன் பாத்தா படம், நான் பாத்தா அசிங்கமா?"

"தப்புதான் அத்தை. போய் ஆசைதீரப் பாருங்க."

போனார். நின்றார். "ஏம்மா, வாத்தியார் வூட்டு காக்கா இன்னும் சாப்புடல."

எதிர்வீட்டில் ரிட்டயர்டான வாத்தியார் ஒருவர் தனியாக இருக்கிறார். தினமும் பத்து மணிக்கு மாடிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். அப்போது மணி பன்னிரண்டரை. வெறும் சுவரில் மூன்று காக்கைகள் கரைந்துகொண்டிருந்தன.

"யாரோ விருந்தாளி வரப்போறாங்க" என்றேன் கிண்டலாக.

"விருந்தும் வரல, மருந்தும் வரல. அவுரு ஒரு நாளும் அதுங்கள பட்டினி போட்டதில்ல. ஓடு!"

நானும் என் கணவரும் ஓடினோம். கதவைத் தட்டினோம், பதில் இல்லை. கணவர் பின்சுவர் ஏறிக் குதித்தார். பாத்ரூமில் இடுப்பெலும்பு உடைந்து விடியற்காலையிலிருந்து ஈரத்தரையில் கிடந்தார் வாத்தியார். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆளே தேறியிருக்க மாட்டார் என்றார் ஆம்புலன்ஸில் வந்தவர். அதே ஜன்னலோரம் தினமும் துணி காயப்போடுகிறவள் நான். இத்தனை நாளும் என் கண்ணில் பட்டது வெறும் காக்கை.

அத்தை கைப்பிடியைப் பிடித்து மெல்லப் படியிறங்கி வந்திருந்தார். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த வாத்தியார் அவரைப் பார்த்ததும் கம்மிய குரலில் கேட்டார்.

"ஏம்மா, நேத்து முழுக்க ஜன்னல்ல உங்கள காணுமே. ஒடம்புக்கு எதனா ஆயிடுச்சோன்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை.

"முட்டி வலி வாத்தியாரே" என்றார். "இப்ப தேவலாம்."