மெழுகு சுடாத கை

என் நோயின் முதல் அறிகுறியை ஊரே கூடி நின்று பார்த்தது. பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டது.

அன்று மெழுகுதிரித் திருநாள், பிப்ரவரி இரண்டாம் தேதி. மாபலிபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த எங்கள் சிறிய கோயிலுக்கு நான் உபதேசியார். சாமியார் மாதத்துக்கு இரண்டு முறைதான் வருவார். மற்ற நாட்களில் செபம் சொல்வதும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவதும் என் வேலை. பூசைக்கு முன்னால் மந்திரித்த திரிகளைக் கொளுத்திக்கொண்டு எல்லோரும் கோயிலைச் சுற்றி வந்தோம். கடல்காற்றில் என் திரி ஒருபக்கமாக உருகி, மெழுகு இடது கையில் சொட்டிக்கொண்டே வந்தது. நான் கையை அசைக்கவில்லை. எனக்குச் சுடவில்லை.

சுற்று முடிந்தபோது கட்டைவிரலுக்குக் கீழே மெழுகு தடித்து உறைந்திருந்தது. உரித்தேன், தோலும் சேர்ந்து வந்தது.

“உபதேசியாருக்கு இன்னா பக்தி பாரு! கை வெந்துகினு கீது, மூஞ்சியக்கூட சுளிக்கல” என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் ஒன்றும் இல்லை, சிரிப்பை மறைக்கத்தான். குழந்தை சேசுவைக் கையில் ஏந்திய சிமியோன் கிழவர், இவரே உலகத்துக்கு ஒளி என்று கண்டுகொண்டதை நினைக்கும் நாள் அது. அந்த ஒளி எத்தனையோ கைகளை விட்டுவிட்டு என் கையில் வந்து உட்கார்ந்ததாக நினைத்தேன். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. அந்த வயதில் அவ்வளவு அசடாக இருந்திருக்க வேண்டாம்.

என் மனைவி தெரசம்மாள் மட்டும் சிலுவை போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

“இந்த எடம் வெளுத்துகினு வருதே, எப்பலேர்ந்து? டாக்டராண்ட காட்டலாங்க.”

“எல்லாத்துக்கும் டாக்டரா? இது வேற” என்று சொல்லிவிட்டேன். வேறு என்றால் என்ன என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வரப்பிரசாதம் என்று சொல்லியிருப்பேன், அவளும் அன்றைக்கே என்னை இழுத்துக்கொண்டு போயிருப்பாள்.

இதைப் படிக்கிற நோயாளிகளுக்கு ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். எனக்குத் தெரியும். அடுத்த வாரம் ஒரு மத்தியானம், பூசை உடுப்புகள் வைக்கும் அறையில் தனியாக உட்கார்ந்து, அந்த வெளுத்த இடத்தில் ஊசியால் குத்திப் பார்த்தேன். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. உணர்விழப்பு (தொட்டாலும் குத்தினாலும் சுட்டாலும் தெரியாத நிலை) எந்த நோயின் அடையாளம் என்று நாலு எழுத்துப் படித்த எனக்குத் தெரியும், அதற்கான ஆஸ்பத்திரி செங்கல்பட்டில் இருப்பதும் தெரியும். நான் ஊசியைத் துடைத்துப் பழையபடி செருகிவைத்தேன். அன்று மாலை செபத்துக்கு மணி அடித்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின தவசுக் காலத்தில் அஞ்சலை வந்தாள். பக்கத்துக் குப்பத்தில் கருவாடு காயவைத்து விற்கிறவள், எங்கள் வேதத்தைச் சேர்ந்தவள் அல்ல. என் கையைப் பற்றிய பேச்சு அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

“உபதேசியாரே, எனக்கும் இந்த ரெண்டு வெரலு சுட மாட்டேங்குது. சட்டிய வெறுங்கையால எறக்குறேன், ஒண்ணியும் தெரியல. நல்லதுதானே இது?”

கையை நீட்டினாள். முழங்கைவரை பார்த்தேன். என் கையில் இருந்த அதே வெளுப்பு, கொஞ்சம் பெரியதாக.

செங்கல்பட்டுக்குப் போ என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. ஆனால் அவளைப் போகச் சொன்னால் நானும் போகவேண்டும். போனால் இந்தக் கோயிலில் யாரும் என் கையால் மந்திரித்த தண்ணீர்கூட வாங்கமாட்டார்கள். “பயப்படாதே. மாதாவுக்கு ஒரு திரி ஏத்து” என்றேன். அவள் நிஜமாகவே சந்தோஷப்பட்டுக்கொண்டு போனாள்.

இரண்டு வருஷம் இப்படியே தள்ளினேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கத் தொடங்கின. பூசையில் தண்ணீர்க் குப்பியை நழுவவிட்டேன். தெரசம்மாள் அதற்குமேல் பொறுக்கவில்லை. “நீங்க வர்லேன்னா நானே சாமியாராண்ட சொல்லிடுவேன்” என்றாள். மறுநாள் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினோம்.

ஊருக்கு வெளியே இருந்த குஷ்டரோக ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில், என்னைவிடக் கெட்டுப்போனவர்கள் யார் யார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். டாக்டர் என் கண்ணை மூடச்சொல்லி ஒரு கோழியிறகால் கையெங்கும் தொட்டார். தொட்ட இடத்தை விரலால் காட்டவேண்டும். வெகுநேரம் அவர் தொடவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தால் இறகு என் கைமேலேயே இருந்தது.

முழங்கைக்குப் பின்னால் அழுத்தி, நரம்புத் தடிப்பு (நோய்க்கிருமி நரம்பில் புகுந்து அதை வீங்கவைப்பது) இருக்கிறது என்றார். “எவ்வளவு நாளா?”

“ஒரு வருஷம் இருக்கும்.”

“ரெண்டு” என்றாள் தெரசம்மாள்.

டாக்டர் திட்டவில்லை. “இந்த வியாதியில வலிக்காததுதான் கெடுதல். வலிச்சிருந்தா அன்னிக்கே வந்திருப்பீங்க” என்றார்.

என்னை அங்கேயே வார்டில் சேர்த்துக்கொண்டு, சல்போன் மாத்திரை (அப்போது புதிதாகப் புழக்கத்துக்கு வந்திருந்த குஷ்ட மருந்து) கொடுத்தார்கள். சிறிய அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினார்கள். இடையில் எதிர்வினைக் காய்ச்சல் (கிருமி மடியும்போது உடம்பு கொந்தளிப்பது) வந்து மூன்று வாரம் கிடந்தேன். வாசல்படியில் நின்று தெரசம்மாள் கஞ்சி கொடுத்தனுப்புவாள். நான் செபம் சொல்ல முயன்றேன். வாயில் வந்தது ஒளியைப் பற்றிய செபம்தான், ஆனால் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குச் சில மாதங்கள் கழித்துப் பெண்கள் வார்டுக்கு அஞ்சலை வந்து சேர்ந்தாள். வலது கையில் இரண்டு விரல்கள் பாதியாகியிருந்தன. சுடவில்லை என்பதை வரமென்று நம்பி, அக்கம்பக்கத்தார் பார்க்கச் சட்டியை வெறுங்கையால் இறக்கி இறக்கிக் காட்டியிருக்கிறாள். புண் ஆறுமுன் மறுபடி வெந்திருக்கிறது.

அவளிடம் பேசத் துணிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. கிணற்றடியில் நிறுத்திச் சொன்னேன். அன்றைக்கே உன் வியாதி எனக்குத் தெரியும், என் வியாதியை மறைக்க உன்னையும் சேர்த்து மறைத்தேன் என்று.

அவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிவைத்தாள்.

“நீ சொல்லியிருந்தா வந்திருப்பனோ மாட்டனோ, தெரியல. ஆனா நீ சொல்லல இல்ல?”

“சொல்லல.”

“அதான்” என்றாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மன்னித்தாளா என்று இன்றுவரை தெரியாது. கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

அடுத்த பிப்ரவரியில் ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்தில் மெழுகுதிரித் திருநாள் வந்தது. சுடுவது தெரியாத கைகளுக்காக ஒவ்வொரு திரிக்கும் அடியில் ஓர் அட்டை வட்டம் செருகிக் கொடுத்தார்கள். சுற்றி வரும்போது என்னுடையது எங்கோ கழன்று விழுந்துவிட்டது. வேடிக்கை பார்க்க வந்த அஞ்சலை தாழ்வாரத் தூணருகே நின்றிருந்தாள். அவளுக்கு நேரே வந்தபோது ஒரு சொட்டு என் கட்டைவிரலடியில் விழுந்தது, அதே இடத்தில். “ஆ!” என்று கத்திவிட்டேன். பாட்டு நின்றுபோயிற்று.

“சுட்டுச்சா?” என்றாள் அஞ்சலை.

“சுட்டுது.”

“நெசமாவா?” அவள் முகமெல்லாம் மலர்ந்தது. கட்டுப் போட்ட கையை அப்படியே என் திரிக்குக் கீழே நீட்டினாள். “எனக்கும் ஒரு சொட்டு வுடு, பாப்போம்.”

திரியைச் சட்டென்று விலக்கிக்கொண்டேன். “வேணாம் அஞ்சலை. உனக்குத் தெரியாது, ஆனா கை வெந்துபூடும்.”

அவள் கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். மலர்ந்த முகம் சுருங்கியதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த ஒரு வாக்கியத்தை அவளிடம் சொல்ல எனக்கு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

இப்போதெல்லாம் எந்தப் பாத்திரத்தையும் முதலில் கண்ணால் தொடுகிறேன், பிறகுதான் கையால். அதனால் என் நாட்கள் மற்றவர்களின் நாட்களைவிட மெதுவாகப் போகின்றன. ஒளி எனக்குப் பெருமையாக வந்தபோது அதை உள்ளே விட்டேன். அது வலியாகத்தான் வரவேண்டியிருந்தது. உங்கள் உடம்பில் தொட்டால் தெரியாத இடம் ஒன்று இருந்தால், செங்கல்பட்டுக்குப் போங்கள். இன்றைக்கே போங்கள்.

அன்று மெழுகு விழுந்த இடத்தில் எழும்பிய கொப்புளம் மூன்று நாள் இருந்தது. மருந்து போட வந்த நர்சம்மாவிடம், நாளைக்குப் போட்டுக்கொள்கிறேன் அம்மா, இன்னும் கொஞ்சம் எரியட்டும் என்றேன்.