நாற்பது கிலோ வரம்பு

ஒரு மனிதன் ஒன்றை மற்றவர்களைவிட நன்றாகச் செய்துவிட்டால், யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? பிரேபனைப் பார்க்கும்போதெல்லாம் டொரோத்தாவுக்கு இந்தக் கேள்விதான் எழும்.

பிரேபன் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். டென்மார்க்கின் ஓடென்ஸ நகரின் ஓரத்தில், இருபத்தைந்து பேர் கொண்ட தோட்டச் சங்கத்தில் ஒரு தோட்டம் அவருடையது. அடுத்தது, போலந்திலிருந்து வந்த டொரோத்தாவுடையது. பிரேபனைப் பெரிய தோட்டக்காரர் என்று சொல்வதற்கில்லை. கேரட்டெல்லாம் சுண்டுவிரல் பருமன்தான். ஆனால் அந்த ஆண்டு அவருடைய பூசணிக்காய் கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது. குளிர் அடித்தால் தன் கம்பளியை அதற்குப் போர்த்திவிட்டு விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாராவது வந்தால் முன்னால் நின்று மறைப்பார். அவர் ஒல்லி; பூசணி இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்கும்.

தவறு டொரோத்தாவுடையது. யாரும் மற்றவரைவிட உயர்ந்து தெரியக் கூடாது என்ற அந்த ஊரின் எழுதாத விதி அவளுக்கு இன்னும் பழகவில்லை. சனிக்கிழமைக் காப்பியின்போது எல்லோர் முன்னாலும், "இருக்கறதுலயே பிரேபன் பூசணிதான் பெருசு. அறுவடை விழாவுல கோப்பை அவருக்குத்தான்!" என்று சொல்லிவிட்டாள்.

பிரேபனின் காதுகள் சிவந்தன.

"பாதி வெறும் தண்ணி," என்று முனகினார்.

"மகாராஜா இனிமே நம்மகூட காப்பி குடிப்பாரா?" என்றார் எதிர்த் தோட்டத்துத் தோர்கில்.

"குடிப்பாரு. கிரீடத்தக் கழட்டி வச்சிட்டு," என்றார் சங்கத் தலைவி லிஸ்பெத்.

அடுத்த வாரம், தோட்டங்களுக்கு நடுவே இருந்த சங்கக் குடிலில் பொதுக்கூட்டம். வேலிக்கு உயர வரம்பு இருக்கும்போது பூசணிக்கு எடை வரம்பு ஏன் இல்லை என்று தோர்கில் தீர்மானம் கொண்டுவந்தார். நாற்பது கிலோவைத் தாண்டிய காய்க்குப் போட்டியில் இடமில்லை. அந்தக் காய் எல்லோருக்கும் சூப் ஆகிவிடும். இரண்டு மணி நேர விவாதம். நடுவில் கேக். கடைசித் துண்டை எடுக்க யாருக்கும் துணிவில்லை. ஒருவர் பாதி வெட்டினார், அடுத்தவர் அதில் பாதி. தட்டில் எறும்புக்குப் போதுமான அளவு மிஞ்சியது.

"பேசு பிரேபன்! உன் பூசணி!" என்று டொரோத்தா கிசுகிசுத்தாள்.

"மத்தவங்க பேசி முடிக்கட்டும்."

வாக்கெடுப்பு. ஆதரவு பன்னிரண்டு. எதிர்ப்பு பதின்மூன்று என்று எண்ணினார்கள். டொரோத்தா இரண்டு கைகளையும் தூக்கியிருந்தாள். ஒன்றை இறக்கச் சொன்னார்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.

"நீ இன்னும் கை தூக்கலியே, பிரேபன்," என்றார் லிஸ்பெத்.

டொரோத்தா மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள். ஜன்னலுக்கு வெளியே, கம்பளிக்குள் பூசணி சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. பிரேபன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தீர்மானத்துக்கு ஆதரவாகக் கையைத் தூக்கினார்.

சூப் மூன்று நாள் ஓடியது. "ஏன் அப்படிப் பண்ணின?" என்று டொரோத்தா மூன்று நாளும் கேட்டாள்.

"உப்பு பத்தல," என்றார் பிரேபன்.