தென்மேற்கே ஒரு ஜன்னல்

கோவர்த்தனன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, மாந்தோப்பின் நடுவே வெறுந்தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். அளவு டேப்பும் அலைபேசியும் வயிற்றின் மேல். தலையை இப்படி ஒரு தடவை, அப்படி ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். கெஸ்ட் ஹவுஸ் கட்ட எந்த நிலத்துக்குப் போனாலும் அவர் முதலில் செய்யும் காரியம் இதுதான். "விருந்தாளி நின்னுக்கினா பாக்கப் போறான்? படுத்துக்கினு பாப்பான். அப்ப நாமளும் படுத்துதான் பாக்கணும்" என்பார். சூளூர்பேட்டைப் பக்கம் ஒருமுறை இப்படிப் படுத்திருந்தபோது, யாரோ வெயிலில் மயங்கி விழுந்துவிட்டார் என்று பதறிய ஒரு பெண் குடத்துத் தண்ணீரை அவர் முகத்தில் கொட்டிவிட்டாள். நனைந்த சட்டையோடு எழுந்தவர், "நல்ல சனம். இந்த ஊருக்கு கெஸ்ட் ஹவுஸ் செட் ஆவும்" என்றார்.

ஆள் புத்தூர்க்காரர். வயது ஐம்பதை நெருங்குகிறது. படித்தது பாலிடெக்னிக், ஊர் கூப்பிடுவது இன்ஜினீர் என்று. முன்பெல்லாம் காம்பவுண்டுச் சுவர் கட்டிக்கொண்டிருந்தார். சனி ஞாயிறானால் சென்னையிலிருந்து காரில் வந்து மாமரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும் கூட்டம் பெருகியது. தோப்பு வைத்திருப்பவர்கள் ஆளுக்கொரு கெஸ்ட் ஹவுஸ் கட்டத் தொடங்க, இவரும் கெஸ்ட் ஹவுஸ் டிசைனர் ஆனார். தத்துவமும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. "மூணே விஷயம். ஊரும் வேணும். ஊரு கண்ணும் படக்கூடாது. மலையும் தெரியணும்." இதை டீக்கடையில் சொல்வார், பஸ்ஸில் சொல்வார், கேட்காதவர்களிடம் இன்னும் விளக்கமாகச் சொல்வார்.

இந்த மூன்றும் ஒரே வீட்டில் இதுவரை கூடி வந்ததில்லை, பாவம். வரதய்யபாளையத்தில், ஊரும் விருந்தாளியும் கலந்து பழகட்டும் என்று வேலியே இல்லாமல் பெரிய முற்றம் விட்டார். ஊர் தாராளமாகவே பழகியது. முற்றம் முழுக்க வேர்க்கடலை காயப்போட்டார்கள். காவலுக்கு உட்கார்ந்த பெண்கள், "இன்னாம்மா துன்றீங்க? உப்பு போதுமா?" என்று ஜன்னல் வழியே விசாரித்தார்கள். அடுத்த வேலையில் கோவர்த்தனன் சுதாரித்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பினார். உள்ளே ஏதோ நடக்கிறது என்று முடிவு கட்டிய ஊர், ஓவர்ஹெட் டேங்க் மேல் ஏறி நின்று பார்த்தது.

ஆனால் மலைதான் பெரிய தகராறு. மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் அந்த நகரி மலை, அவருக்கு வாய்த்த தோப்புகளுக்கெல்லாம் தென்மேற்கிலேயே அமைந்து தொலைத்தது. வாஸ்து பார்க்கும் சித்தாந்திகள் அந்த மூலையை நைருதி என்பார்கள். அங்கே சுவர் கனமாக, அடைத்தபடி இருக்க வேண்டும். திறப்பு விட்டால் வீட்டுக்காரருக்கு ஆகாது. ஆகவே கோவர்த்தனன் கட்டிய வீடுகளில் மலைப் பக்கம் மொட்டைச் சுவரும், ஜன்னல் பக்கம் அடுத்த வீட்டு பவர்லூம் ஷெட்டும் இருந்தன. மலை பார்க்க வந்தவர்கள் தறிச் சத்தம் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

"நைருதி நைருதின்னு சாவடிக்கிறானுங்க. ஒருத்தன், ஒரே ஒருத்தன், தைரியமா ஜன்னல் வையின்னு சொல்லட்டும். நான் யாருன்னு காட்டுறேன்" என்று கொதிப்பார். கொதித்தபடி அவர் சாய்ந்து நிற்கும் மோட்டார் சைக்கிளில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கும். கேட்டால், "அது வூட்டுக்காரி கட்டினது" என்பார். செவ்வாய்க்கிழமையில் எந்த வேலையும் தொடங்க மாட்டார். அன்றைக்கு சிமெண்டு கிடைக்காதாம்.

அந்த ஒருத்தர் கடைசியில் வந்தேவிட்டார். முதலில் கோவர்த்தனன் படுத்துப் பார்த்தாரே, அந்த மாந்தோப்பின் சொந்தக்காரி தாட்சாயணி. அறுபது வயது, கணவர் இல்லை. மாங்காயை நம்பிப் பிழைக்க முடியாது என்றாகிவிட்டது. கெஸ்ட் ஹவுஸ் ஓடினால் தோப்பிலேயே இருக்கலாம். ஓடாவிட்டால் தோப்பை விட்டுவிட்டு பெங்களூரில் மகள் காவ்யா வீட்டுக்குப் போய்விட வேண்டும். "எட்டாவது மாடி சார். காலைல எழுந்தா ஆகாசத்தப் பாத்துக்கினு உக்காந்திருக்கணும். எனக்கு அது ஆவாது" என்றார்.

ஜன்னல் பேச்சு வந்ததும் கோவர்த்தனன் வழக்கம்போல் "நைருதிம்மா..." என்று இழுத்தார். தாட்சாயணி முடிக்க விடவில்லை. "எங்க பழைய வூட்ட நைருதி எல்லாம் பாத்துதான் கட்னாங்க. எங்க வூட்டுக்காரரு போய்த்தானே சேந்தாரு? இனிமே அது என்னை இன்னா பண்ணிடும்? பர்வாலேது. பெருசாவே வைங்க."

கோவர்த்தனனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆறடி அகலத்துக்கு, தரையிலிருந்து ஒரு முழத்திலேயே தொடங்கும்படி ஜன்னல் வரைந்தார். படத்தை அலைபேசியில் வைத்துக்கொண்டு புத்தூரில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் காட்டினார். இதுவும் போனால் மறுபடி காம்பவுண்டுச் சுவர்தான் என்பது அவருக்கும் தெரியும். அந்த வாரம் முழுக்க மனிதர் தரையில் நடக்கவில்லை.

சுவர் எழும்பி, நடுவில் ஆறடி இடைவெளி விட்டாகிவிட்ட அன்று, மேஸ்திரி சண்முகம் கலவையைக் குழைத்துக்கொண்டே சொன்னார்: "சித்தாந்தி இந்தப் பக்கமா வந்தாரு சார். நைருதி தோஷம் வூட்டுக்காரங்களுக்கு மட்டும் இல்லியாம். ப்ளான் போட்டவங்களுக்கும் அதுல பங்கு உண்டாம்."

கோவர்த்தனன் சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். பிறகு கேட்டார்: "யாரு, சித்தாந்தி பையனா, பெரியவரா?"

"பெரியவருதான் சார். அவரு வாக்கு தப்பாது."

"ஓ" என்றார் கோவர்த்தனன்.

அதே நேரம் பார்த்துத் தாட்சாயணி வந்து சேர்ந்தார். கட்டில் வரப்போகும் இடம் எது என்று கேட்டு, முந்தானையால் தூசி தட்டி, அங்கேயே மல்லாந்து படுத்துக்கொண்டார். "படுத்துதான் பாக்கணும்னு நீங்கதானே சொல்லிக்கினு இருந்தீங்க?" இடைவெளி நிறைய மலை நின்றது. "மூக்கு முழுசாத் தெரியுது சார்" என்றார். "இது போதும். நான் எங்கயும் போவ வேணாம்."

கோவர்த்தனன் மலையைப் பார்த்தார். மோட்டார் சைக்கிளில் தொங்கும் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். "அந்தப் பக்கம் சாரல் அடிக்கும்மா. ஆறடி ஜாஸ்தி. நாலு போதும்." பிறகு இன்னும் குறைத்து, "ரெண்டு உட்டாலே காத்து நல்லா வரும்" என்றார். நைருதி என்று சொல்லக் கூசியவர்கள் இத்தனை வருஷமாக அவரிடம் சொன்ன அதே சாக்கு.

"சாரல் அடிச்சா தொடச்சிக்கலாம் சார்" என்றார் தாட்சாயணி, எழுந்திருக்காமலே.

யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் சண்முகம் கரணையோடு நின்றார். கோவர்த்தனன் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கலவையை எடுத்து அப்பி, ஒரு செங்கல்லை இடைவெளியின் ஓரத்தில் தன் கையாலேயே வைத்துத் தட்டினார். மறைந்துபோன அடிவார ஓரத்தைத் தேடித் தாட்சாயணி தரையில் தலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். கோவர்த்தனன் நிமிராமல் அடுத்த செங்கல்லை எடுத்தார்.