எட்டு மைல் காடு, நாலு மைல் தேங்காய்

சனிக்கிழமை, காலை ஐந்தே முக்கால். யாங்கோனின் அலோன் பகுதியில் எங்கள் வீட்டு மாடிப்படியில் நின்றபடி என் கணவர் முதுகுப்பையை எனக்கு மாட்டிவிட்டார். அதோடு விடாமல், பையின் பக்கவாட்டுப் பட்டையில் என் கைத்தடியையும் செருகினார். துறைமுகக் கிடங்கில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். எந்தச் சரக்கு எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்த்தாலே தெரியும் என்பது அவர் நினைப்பு.

"வேணாம்னா ஊனாத. கூட இருந்துட்டுப் போவட்டும்," என்றார்.

இதே படியில்தான் போன வருடத்து மழைக்காலத்தில் வழுக்கி இடது காலை உடைத்துக்கொண்டேன். அதனால் இந்த வருடத் தைத் திருவிழாவில் பால்குடம் எடுக்க முடியவில்லை. ஊர்வலத்துக்குப் பின்னால் ஒரு சைக்காவில், அதுதான் பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிளில், தெருக்காரர்கள் கழற்றிக் கொடுத்த செருப்பு மூட்டைகளோடு உட்கார்ந்து போனேன். இருபது வருடம் குடம் எடுத்தவள் செருப்புக்குக் காவல்! அன்று எனக்கு வந்த அழுகை பக்தியால் வந்ததல்ல.

மறுபடி குடம் எடுக்கலாமா என்று கேட்டபோது டாக்டர் ஒரு வழி சொன்னார். இரண்டு நாளில் எட்டு மைல் நடந்து பாருங்கள், கால் வீங்காவிட்டால் வருகிற தையில் குடம் எடுக்கலாம் என்றார். என் கணவர் அதில் தம் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார்: பையை வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது.

இடத்தைத் தேடிப் பிடித்தவள் மா தெய்ங்கி. அச்சகத்தில் எனக்குப் பக்கத்து மேசை, முப்பது வயது. அப்பா தமிழர், அம்மா பர்மியர். தமிழ் அவள் காதுக்கு நன்றாகப் புரியும், நாக்குதான் ஒத்துழைக்காது. "அக்கா, இது சின்னப் புள்ளைக்கும் நடக்கும். மேடு இல்ல, பாம்பு கொஞ்சம்," என்று தைரியம் சொல்லித்தான் என்னை அழைத்துப் போனாள்.

காலை ஏழு மணி. மாவ்பிக்கு லைன் கார், ஆளுக்கு மூவாயிரம் சாட். பின்னால் எதிரெதிர் பலகை போட்ட அந்த வண்டியில் என் பைக்கும் ஓர் ஆள் இடம் தேவைப்பட்டது. எதிரே கோழிக்கூடையோடு இருந்த அம்மாள், "எங்கே குடிபெயர்கிறீர்கள்?" என்று பர்மியில் கேட்டாள். ஓர் இரவுக்குத்தான் என்றதும் பையை ஒரு முறையும் என்னை ஒரு முறையும் பார்த்துவிட்டுக் கோழியிடம் திரும்பிக்கொண்டாள். உள்ளே இரண்டு அடுக்குத் தூக்குச்சட்டியில் புளிச்சோறும் கருவாட்டுப் பொரியலும் இருந்தன என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை.

ஒன்பதேகால். மாவ்பியிலிருந்து மூன்று சக்கர வண்டியில் ஒன்பது மைல் போனதும் தார்ச்சாலை ஒரு பெட்டிக்கடை முன்னால் முடிந்துபோனது. வழிகாட்டி கோ வின் அங்கே காத்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்பு மரம் வெட்டும் வேலை, இப்போது மரம் காட்டும் வேலை. இரவு தங்குகிறவர்கள் என்று ஊர் அலுவலகத்தில் எங்கள் பெயர்களை எழுதிவைத்துவிட்டு வந்தார். கடையிலிருந்து இரண்டு மைல் மாட்டுவண்டித் தடம், காட்டு வாசலில் ஒரு நாட் சன்னதி, பிறகு காட்டுக்குள் இரண்டு மைல் போனால் மடத்துச் சத்திரம். நாளை இதே வழியில் திரும்ப வேண்டும். ஆக மொத்தம் எட்டு மைல்.

பத்தரை மணிக்குச் சன்னதியை அடைந்தோம். நான்கு மரக்கால்களின் மேல் சின்ன வீடு, உள்ளே காட்டைக் காக்கும் நாட் தேவதை. கோ வின் தம் பையிலிருந்து வாழைச்சீப்பும் காம்போடு ஒரு தேங்காயும் எடுத்தார். "மூத்தவர் நீங்கள்தான். உங்கள் கையால் வையுங்கள்," என்று மரியாதையாக என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கினேன். கண்ணை மூடி முருகனை நினைத்தேன். கண்ணைத் திறந்ததும் இடது பக்கம் பாங்காக ஒரு பாறை தெரிந்தது. ஐம்பத்தொரு வருடப் பழக்கம், கை தானாகவே ஓங்கியது. ஒரே அடியில் இரண்டு சரி மூடி!

நல்ல சகுனம் என்று சிரித்தபடி திரும்பினேன். கோ வின் முகத்தில் ரத்தமே இல்லை. தெய்ங்கி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பர்மியர் வீட்டு மூலையில் நாட் தேவதைக்கு முழுத் தேங்காய் தொங்குவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அந்தத் தேவதைக்குக் காய் முழுசாக, காம்போடு இருக்க வேண்டும். உடைத்தது மரியாதைக் குறைவு.

கோ வின் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "தெரியாமல் செய்தது, நாட் பொறுத்துக்கொள்வார். ஆனால் வேறு காய் வைக்காமல் நான் உள்ளே கூட்டிப்போக மாட்டேன். நானே ஓடிப்போய் வாங்கி வருகிறேன்," என்றார்.

"உடைச்சது நானு. நானே போறேன்," என்றேன். வாய் சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டேன். போக இரண்டு மைல், வர இரண்டு மைல். டாக்டர் கொடுத்த எட்டு மைலில் இது சேர்த்தியே இல்லை.

"பையாவது வையுங்க அக்கா," என்றாள் தெய்ங்கி. வைக்கவில்லை. பையைக் கழற்றினால் கணவரிடம் என்ன பதில் சொல்வது?

பன்னிரண்டு மணி. கோ வின்னைச் சன்னதியில் விட்டுவிட்டு, நான் கைத்தடியை ஊன்றி ஊன்றி நடக்க, தெய்ங்கியும் நானும் கடைக்கு வந்து சேர்ந்தோம். முகம் நிறையத் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசியிருந்த கடைக்காரம்மாவிடம் பர்மியில் தேங்காய் கேட்டேன். அவள் என் நெற்றித் திருநீறைப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டாள்.

"எடது பக்கத்துப் பாறையிலயா அடிச்சீங்க?"

"ஆமா. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம ஆளுங்க கண்ணுக்கு அந்தப் பாறைதானே படும்! போன மாசம் தன்லியின்லேருந்து ஒரு குடும்பம் வந்துச்சு. புருசன் ஒண்ணு ஒடைச்சாரு, பொஞ்சாதி போட்டிக்குத் தானும் ஒண்ணு ஒடைச்சிச்சு. அதுக்குத்தான் காம்போட காய் எப்பவும் வச்சிருக்கேன்."

வெட்கம் பாதியாகக் குறைந்தது. தைலம் போலத்தான் இருந்தது அந்தப் பேச்சு. மூவாயிரம் கொடுத்தேன். காயைத் தரும்போது எச்சரித்தாள்: "ரெண்டு கையாலயும் ஏந்திக்குங்க. காம்பு மேல பாத்து இருக்கணும். வழியில கீழ வைக்கப்படாது."

திரும்பும் வழி முழுக்க என் கண் காம்பின் மேலேயே இருந்தது. வண்டித்தடத்தின் பள்ளங்களைப் பாதம்தான் தடவித் தடவிக் கண்டுபிடித்தது. ஓடையின் மேல் போட்டிருந்த ஒற்றைப் பலகையில் அடி அடியாக நகர்ந்தேன். பயந்தேன், பொய் சொல்லவில்லை. பின்னால் தெய்ங்கி வந்தாள். கடைசி அரை மைலில் கெண்டைக்கால் வலித்தது, ஆனால் அது உடைந்த இடத்து வலியில்லை. நடந்தவர்களுக்கு வரும் சாதாரண வலி. அந்த வித்தியாசத்தை மறந்தே போயிருந்தேன்.

ஒன்றே முக்கால். கோ வின் காயை வாங்கிப் பீடத்தில் காம்பு நிமிர்ந்திருக்கும்படி வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "உங்கள் தடி எங்கே?" என்றார்.

கையைப் பார்த்தேன், பைப் பட்டையைப் பார்த்தேன். காசு எடுக்கும்போது கடைப் பலகையில் சாய்த்து வைத்தது. அங்கேயே நிற்கிறது!

"நான் அப்பவே பாத்தேன் அக்கா," என்றாள் தெய்ங்கி. "சொல்லல. சொன்னா நீங்க விழும்."

இரண்டு கையிலும் சுமை, கண் காம்பில், ஊன்ற ஒன்றுமில்லை. பால்குடம் எடுப்பதும் இதுதானே! அந்த இடத்திலேயே அழுதேன். நாட் மன்னித்துவிட்டதால் அழுகிறேன் என்று கோ வின் எண்ணிக்கொண்டார். அதுவும் உண்மைதான்.

காட்டுக்குள் இரண்டு மைல் சம தரை. இருபுறமும் படாவ் மரங்கள், நம் வேங்கைக்குச் சொந்தம், உள்மரம் செக்கச் செவேலென்று இருக்கும். சித்திரையில் முதல் மழை விழுந்ததும் மஞ்சளாகப் பூத்துத் தள்ளும், ஒரே நாளில் உதிர்ந்தும் விடும். மார்கழியில் இலையும் நிழலும்தான். ஒரு மரத்தில் பழைய கோடரி வெட்டு, அதிலிருந்து சிவப்புப் பிசின் வழிந்து காய்ந்திருந்தது. கோ வின் அதைத் தொட்டு, "இது என் வெட்டு. பாதியில் விட்டுவிட்டேன். மேலே பாருங்கள்," என்றார். பார்த்தேன். கழுத்து வலிக்கும் உயரத்தில் கிளைகள் பரந்து கிடந்தன.

மாலை மூன்றரைக்குச் சத்திரம். தரையெங்கும் மூங்கில் பாய். தூக்குச்சட்டியைப் பார்த்துச் சிரித்த தெய்ங்கிதான் புளிச்சோற்றில் பாதியைத் தின்றாள். காலை நீட்டிக் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினேன். குழி விழவில்லை, வீக்கமில்லை. ஞாயிறு விடிந்ததும் மறுபடி அழுத்தினேன். அப்போதும் விழவில்லை.

ஞாயிறு, முற்பகல் பதினொன்று. கடைக்குத் திரும்பினோம். என் கைத்தடி இருந்தது. ஆனால் சும்மா இல்லை. கூரையில் தொங்கிய வாழைத்தாரின் பாரத்தில் சரிந்த மூங்கிலுக்கு முட்டுக் கொடுத்து நின்றது.

"எடுத்துத் தாரேன், இருங்க," என்று கடைக்காரம்மா எழுந்தாள்.

"வேணாம். அது பாட்டுக்கு நிக்கட்டும்," என்றேன்.

மாலை நாலு மணிக்கு அலோன். படிக்கட்டில் என் கணவர் நின்றிருந்தார். பை என் முதுகில்தான் இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். பிறகு பட்டையைப் பார்த்தார்.

"கம்பு எங்க?"

"வாழைத்தாருக்குக் குடுத்துட்டேன். அதுக்குத்தான் அவசியமா இருந்துச்சு."

"எட்டு மைலும் நடந்தியா?"

"பன்னெண்டு," என்றேன். பையைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, பரண்மேல் கவிழ்த்து வைத்திருந்த பித்தளைக் குடத்தை எடுத்துப் புளி போட்டுத் துலக்க உட்கார்ந்தேன்.