நிற்கிற வண்டியில் ஓடிய கரன்ட்

அவளுக்கு நான் இரண்டு நாள் கூலி கடன்பட்டிருந்தேன். நீட்டினால் வாங்கமாட்டாள். “ஒரு மாசம் மீட்டர் பொய் சொல்லாம ஓடட்டும், அப்புறம் குடுங்க ஐயா” என்பாள். எல்லாரிடமும் அதே பேச்சுதான். இப்படிப் பிழைக்கத் தெரியாதவளை நான் பார்த்ததில்லை.

எங்கள் தெருமுனையில் மின்சார வண்டிகளைப் பழுதுபார்ப்பவள். வளையலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வண்டியைத் தொடுவாள். பிறகு இருக்கையைத் தூக்கி, “சொல்லு கண்ணு, எங்க வலிக்குது?” என்பாள். வண்டிக்காரர் வாய் திறந்தால், “உங்கள கேக்கல.”

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். தலைச்சுமையாய்த் துடைப்பம் விற்றே மூன்று சக்கர மின்வண்டி வாங்கியவன். அதன் மீட்டரில்தான் கோளாறு. நிற்கும்போதே கரன்ட் ஓடுவதாகக் காட்டும். அந்தக் கணக்கை நம்பி, பேட்டரியில் தெம்பு இருக்கையிலேயே தீர்ந்ததென்று வண்டி பாதி வழியில் படுத்துவிடும். விற்ற கடையில் புது பேட்டரி போடச் சொன்னார்கள். அதற்கு வண்டியையே விற்க வேண்டும். மறுபடி தலைச்சுமை.

முதல் நாள் முழுக்க வயர் வயராகக் கழற்றினாள். கரன்டை அளக்கும் சென்சாரையே மாற்றிப் பார்த்தாள். பொய் போகவில்லை. பழையதையே திரும்ப மாட்டினாள். மறுநாள், இருக்கைக்கு அடியில் நான் பொருத்தியிருந்த ஒலிபெருக்கியை, கைக்கு இடைஞ்சலென்று வெளியே எடுத்து வைத்தாள். மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது. கிட்டே கொண்டுபோனாள், ஏறியது. ஒலிபெருக்கியில் இருக்கும் காந்தம் சென்சாரைக் குழப்பியிருக்கிறது.

துடைப்பம் கூவி மூன்றாம் மாடி ஜன்னலையும் திறக்கவைக்கும் என் குரல் பதிந்த ஒலிபெருக்கி அது.

“வண்டிக்கு ஒண்ணுமில்ல ஐயா. உங்க சத்தம்தான் அதுக்கு ஒத்துக்கல.”

“முப்பது வருஷமா எனக்கும்தான் ஒத்துக்கல. யாரும் கழட்டித் தரலியே” என்றாள் கூட வந்திருந்த என் மனைவி.

ஒலிபெருக்கி வண்டிக் கூரைக்கு ஏறியது. இப்போது இரண்டு தெரு தள்ளியும் கேட்கிறது. ஒரு மாதமாய் வண்டி எங்கும் படுக்கவில்லை. நேற்று மனைவியோடு பழுதுபார்க்கும் பெண்ணிடம் போனேன். அவள் சாவியைத் திருப்பி மீட்டரைப் பார்த்தாள்; பூஜ்யம். கையைத் துணியில் துடைத்து நீட்டினாள். ஒரு நாள் கூலியை எண்ணி முடித்ததும் உள்ளங்கை மூடிக்கொண்டது.

“போதும் ஐயா. மொத நாள் நான் தப்பாத்தானே தேடினேன்.”

நான் மீதித் தாள்களை நீட்டியபடி நின்றேன். மனைவிதான் என் கையிலிருந்த பணத்தை வாங்கினாள்.

“தப்பாத் தேடினாலும் எங்களுக்காகத்தானே குனிஞ்சு கெடந்தே. விரிம்மா.”

விரல்கள் மெல்லப் பிரிந்தன. மனைவி மீதியையும் ஒவ்வொரு தாளாக எண்ணி வைத்தாள்.