தலைகீழ் இன்ஜின்காரர்

மாலை ஐந்தே காலுக்குச் செய்தி வந்தது. மருந்துக்கடைக் கவுண்டரில் அவள் யாருக்கோ இருமல் மருந்தைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். கணவரின் எண்ணிலிருந்து அழைப்பு. பேசியது ஒரு பஸ் கண்டக்டர்.

"அம்மா, கடைசி ஸ்டாப் வந்தும் இவர் எழுந்திருக்கல. தூங்குறார்னு நெனச்சோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம், போயிட்டாரும்மா." கொஞ்சம் தயங்கிவிட்டு, "பையில ஒரு பல் செட்டும் மர விசிறி ஒண்ணும் இருக்கு. அவரோடதுதானா?" என்றார்.

"பல்லு வேற ஆளோடது. விசிறி அவரோடது," என்றாள். அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

பல் செட் செய்வது அவர் தொழில். ஒரு கடைவாய்ப் பல் மயிரிழை தூக்கினாலும் ராவி ராவி உட்கார வைத்துவிடுவார். விசிறி, மாடல் விமானத்தின் மூக்கில் சுழல்வது. அது அவர் பைத்தியம்.

மைதானத்தில் அவருக்குத் தலைகீழார் என்று பெயர். மற்றவர்கள் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினை நிமிர்த்தி மாட்டுவார்கள். சிலிண்டர் தலை மூக்குக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். "மூக்கு மேல மருவோட எந்த விமானமாவது பறக்குதா?" என்று கேட்டு, அவர் இன்ஜினைக் கவிழ்த்து மாட்டுவார். தலை அடியில் மறைந்துவிடும். மூக்கு வழவழவென்று நிஜ விமானம் மாதிரி இருக்கும். பல் கட்டுகிறவருக்கு முகம்தானே எல்லாம்.

முகம் சரி, தலையில்தான் கோளாறு. கவிழ்ந்த இன்ஜினில் எரிபொருளும் எண்ணெயும் அந்தத் தலையில் போய்த் தேங்கி, பிளக்கை நனைத்துவிடும். வேகமாக ஓடும்வரை தெரியாது. தரையிறக்க வேகத்தைக் குறைத்ததும் ரெண்டு இருமல் இருமி அணைந்துவிடும். பதினைந்து வருஷத்தில் அவர் விமானம் ஒருமுறைகூட இன்ஜின் ஓட ஓடத் தரையிறங்கியதில்லை. சத்தமே இல்லாமல் வந்து ஏதாவது புதரில் சொருகிக்கொள்ளும். மைதானமே சிரிக்கும். "வீட்டுக்கு வர்றப்ப சத்தம் போடாம வர்றதுதான் நல்ல குடும்பத்துக்கு அழகு," என்று சொல்லியபடி போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவார். கிளப்பும்போது வாலைப் பிடித்துக்கொள்வது அவள் வேலை. அவரோடு சேர்ந்து சிரிப்பாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம் அறுந்துபோகிற இடத்தில் அவள் சிரிப்பும் ஒரு நொடி அறுந்துபோகும்.

துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருவர் வாயைத் திறக்காமலே அழுதார். கிளம்பும்போது தன் வாயைத் தொட்டுக் காட்டி, முடிந்துவிட்டதா என்று சைகையில் கேட்டார். அவள் கணவரின் பையிலிருந்து பல் செட்டை எடுத்துக் கொடுத்தாள். மாட்டிக்கொண்டார். கச்சிதமாகப் பொருந்தியது. இன்னொரு தடவை ஒழுங்காக அழுதுவிட்டுப் போனார்.

கூட்டமெல்லாம் குறைந்தபின் லிஃப்ட் மெக்கானிக் வந்தார். வாராவாரம் அவர்களோடு மைதானத்துக்கு வருகிறவர். அவளை அண்ணி என்பார். அவள் தம்பி என்பாள். தம்பிக்கே ஐம்பது தாண்டிவிட்டது.

"வர்ற ஞாயித்துக்கிழமை அண்ணன் விமானத்தை ஒரு சுத்து விடலாம்னு எல்லாரும் ஆசைப்படறாங்க. ஆனா இன்ஜினை மட்டும் நிமித்திடறேன் அண்ணி. அத்தனை பேர் முன்னாடி அணைஞ்சு விழுந்தா நல்லாவா இருக்கும்?"

"ஆள் போனதும் மூக்குல மரு வைக்க வந்துட்டீங்களா? கை வைக்காதீங்க தம்பி."

"அணையுமே."

"அணைஞ்சா நீங்க சொன்னதுதான் சரின்னு ஆயிடும். சந்தோஷமா இருங்க."

அவருக்குச் சந்தோஷமாக இல்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். சிரித்தவர்கள் பார்க்க, அந்தச் சத்தம் ஒருமுறையாவது தரை தொடும்வரை அறுந்துபோகாமல் இருக்க வேண்டும்.

வேலை மேசைமேல், பல் அச்சுகளுக்கு நடுவே, விமானம் கிடந்தது. லிஃப்ட்காரர் மூடியைத் திறந்து எட்டிப்பார்த்தார். எரிபொருள் டாங்க் பழைய இடத்தில் இல்லை. சாவதற்கு முன் அவள் கணவரே அடிப்பலகையை வெட்டி, டாங்கைக் கார்புரேட்டருக்குக் கீழே இறக்கி, சுற்றிலும் ஸ்பான்ஜ் வைத்திருந்தார்.

"டாங்க் மேல இருந்ததாலதான் எரிபொருள் தானா வடிஞ்சு தலையை நனைச்சிருக்கு," என்றார். "இதைத்தானே நான் அப்பவே..."

"நீங்க நிமித்தத்தான் சொன்னீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் பையிலிருந்த புது விசிறியை மாட்டினார்கள். லிஃப்ட்காரர் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மொதல்ல கையில சுத்திப் பாருங்க. போன தடவை ராடை வளைச்சது யாரு?"

"ஒரு தடவை வளைச்சேன் அண்ணி. சாகிறவரைக்கும் சொல்லுவீங்களா?"

"அவர் சாகிறவரைக்கும் சொன்னாரு. இனிமே நான்."

சிலிண்டரில் எரிபொருள் நிரம்பிக் கிடக்கும்போது ஸ்டார்ட்டரை வைத்து அழுத்தினால், பிஸ்டன் நகர வழியில்லாமல் ராடு வளைந்துவிடும். அவளே விசிறியை மெல்லச் சுற்றினாள். கிளப்புவதற்காக முதலில் ஊற்றிய எரிபொருள் உள்ளே இறங்கியிருந்தது. பாதியில் முட்டிக்கொண்டு நின்றது. பிளக்கைக் கழற்றி, தேங்கியதைப் புல்லில் வடித்து, மறுபடி மாட்டிச் சுற்றினாள். இந்தத் தடவை தடையில்லாமல் சுற்றியது. அப்புறம்தான் ஸ்டார்ட்டர். இன்ஜின் பிடித்துக்கொண்டது. வேகத்தைக் குறைத்தார்கள். இருமவில்லை.

பறக்கவிடும் முன் இன்ஜினை அணைத்துப் பார்க்க வேண்டும் என்பது மைதானத்து விதி. எல்லாருக்கும் தெரியும். ஆனால் இவ்வளவு பாடுபட்டுக் கிளம்பியதை அணைக்க யாருக்கும் கை வரவில்லை. அவள் வாலை விட்டாள்.

மூன்று சுற்று வந்தது. லிஃப்ட்காரர் ரிமோட்டில் வேகத்தைக் குறைத்து இறக்கினார். வழக்கமாக அறுந்துபோகிற இடம் வந்தது. சத்தம் அந்த இடத்தைத் தாண்டியது, வேலியைத் தாண்டியது, சக்கரம் தரையைத் தொட்டது. டப் டப் டப் என்று உருண்டு வந்து அவர்கள் முன்னால் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

லிஃப்ட்காரர் ரிமோட்டில் அணைக்கும் நெம்புகோலைத் தள்ளினார். டப் டப் டப். இன்னொரு தடவை தள்ளினார்.

"நிக்க மாட்டேங்குது அண்ணி." இப்போதுதான் சிரிப்பு வெடித்தது. அவர் குனிந்து மூடிக்குள் பார்த்தார். "காத்துவழி முழுசா மூடினாத்தான் நிக்கும், இது மூடல. அதான் எறங்கறப்பவும் அணையலையோ?"

"தரை தொடுறப்ப ஓடுச்சா இல்லையா?"

"ஓடுச்சு."

"அவ்வளவுதான்."

எரிபொருள் குழாயைக் கிள்ளப்போன அவர் கையைத் தட்டிவிட்டு, அவள் புல்லில் உட்கார்ந்து வாலைப் பிடித்துக்கொண்டாள். "தீர்ற வரைக்கும் ஓடட்டும் தம்பி."

கார்புரேட்டருக்குப் போகும் கம்பியின் நுனித் திருகை இன்னும் ரெண்டு சுற்று உள்ளே விட்டிருந்தால் காற்றுவழி முழுதாக மூடியிருக்கும். அந்த ரெண்டு சுற்றை அவள் கணவர் இன்னும் சுற்றியிருக்கவில்லை.